பதினைந்துக்கு ஒன்று: ஹெபடைடிஸ் சி மருந்தும் காக்ரேன் ஆய்வும்

போன ஆடி மாசம் மாமா தன் போனை என் முன்னால் நீட்டினார். "இன்னா மாப்ள, இத்த பாத்தியா?" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. ஹெபடைடிஸ் சி மாத்திரைகள் உயிரைக் காப்பாற்றுவதில்லை, உலகப் புகழ் பெற்ற காக்ரேன் ஆய்வே சொல்லிவிட்டது, மருந்து சாப்பிட்டவர்களில் 15 பேர் சாவு, சாப்பிடாதவர்களில் ஒருவர்தான், எல்லாம் கம்பெனிக்காரன் வேலை என்று போகிறது.

எங்க ஊர் திருவாலங்காடு. ரத்தின சபை, காரைக்கால் அம்மையார் என்று கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். அரக்கோணம் லைனில் எலெக்ட்ரிக் ட்ரெயின் நிற்கும். மாமா வாரத்தில் இரண்டு நாள் அந்த ட்ரெயினில்தான் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். அப்படிப் போகிற இடத்தில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் ஹெபடைடிஸ் சி தெரியவந்தது. டாக்டர் 12 வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு டப்பாவில் 28, மூன்று டப்பா. அந்த மூன்றும் பீரோவில் பிரிக்காமல் இருந்தன. அத்தை தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீதான் இதெல்லாம் தோண்டிப் படிக்கிறவனாச்சே, சொல்லு. சாப்புடலாமா வேணாமா?"

நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். "அதை உங்க டாக்டர்தான் சொல்லணும் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்த 15-க்கு ஒன்று மனசில் ஒட்டிக்கொண்டது. அது பொய்ச் செய்தியாக இருந்தால் விட்டிருப்பேன். தேடிப் பார்த்தால் அந்த எண் ஆய்வில் உண்மையாகவே இருக்கிறது. பொய்யான செய்தியை மறுப்பது சுலபம். உண்மையான எண்ணிலிருந்து தப்பான முடிவுக்குப் போகிற செய்திக்கு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இந்தப் பதிவு அந்தக் கணக்குதான்.

அந்த ஆய்வு என்ன சொன்னது

காக்ரேன் என்பது மருத்துவ ட்ரயல்களைத் தொகுத்து, தரம் பார்த்து, மொத்தமாக என்ன தெரிகிறது என்று சொல்லும் அமைப்பு. மருந்துக் கம்பெனிகளிடம் பணம் வாங்காமல் நடத்துகிறவர்கள் என்பதால் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம். நானும் எந்த மருந்தைப் பற்றிப் படித்தாலும் முதலில் அங்கேதான் போவேன்.

2017 ஜூனில் அவர்களுடைய கோபன்ஹேகன் குழு (யானுஸ் யாகப்சென், கிறிஸ்டியன் க்ளூத் முதலானோர்) நேரடி வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைப் பற்றி ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. செப்டம்பரில் அதைப் புதுப்பித்தது. 138 ட்ரயல்கள், 25,232 பேர். சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் எல்லாம் இந்த வகை மருந்துகள்தான்.

சுருக்கம் இது. இந்த மருந்துகள் ரத்தத்திலிருந்து வைரஸை நீக்குகின்றன என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் வைரஸ் நீங்குவது ஒரு பதிலிக் குறியீடு மட்டுமே, அது நீங்கினால் நோயாளி நீண்ட நாள் வாழ்வார் என்று ட்ரயல்கள் காட்டவில்லை என்கிறார்கள். இறப்புக் கணக்கில் மருந்து எடுத்த 2,377 பேரில் 15 பேர், ஒப்பீட்டுக் குழுவின் 617 பேரில் ஒருவர். எல்லா ட்ரயல்களும் ஒருபக்கச் சாய்வுக்கு இடம் உள்ளவை, சான்றின் தரம் மிகக் குறைவு என்று முடிக்கிறார்கள்.

பத்திரிகைகள் இதை எடுத்துக்கொண்டன. ஒரு கோர்ஸுக்கு 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர் என்று 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த மருந்து சோஃபோஸ்புவிர். அதைத் தயாரிக்க 12 வாரத்துக்கு 68 முதல் 136 டாலர் வரைதான் ஆகும் என்று லிவர்பூலின் ஆண்ட்ரூ ஹில் குழு கணக்கிட்டுக் காட்டியிருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தோடு படித்தவர்களுக்கு "மருந்தே வேலை செய்யவில்லை" என்ற தலைப்பு இனித்தது. ஆனால் விலை அநியாயம் என்பது ஒரு கேள்வி, மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி.

அவர்கள் பக்கம் உள்ள நியாயம்

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பதிலிக் குறியீட்டைச் சந்தேகப்படுவது தப்பே இல்லை. எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறோம். டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், கஸ்டமர் போனில் கத்திக்கொண்டிருப்பார். நாம் அளப்பது சர்வரின் துடிப்பை. அவருக்கு வேண்டியது பணம் போய்ச் சேருவது.

மருத்துவத்தில் இதற்குப் பெரிய உதாரணம் 1980-களின் கடைசியில் நடந்த காஸ்ட் ட்ரயல். மாரடைப்புக்குப் பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாக வருகிறவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று தெரியும். துடிப்பை ஒழுங்காக்கும் மருந்துகள் இருந்தன. கொடுத்தார்கள், ஈ.சி.ஜி. அழகாக மாறியது. ஆனால் போலி மாத்திரை எடுத்தவர்களில் 26 பேர் இறந்தபோது, மருந்து எடுத்தவர்களில் 63 பேர் இறந்திருந்தார்கள். இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு. குறியீடு நன்றாகி மனிதர் செத்துப்போனார்.

ஹெபடைடிஸ் சி-யிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஹால்ட்-சி என்ற ட்ரயலின் முடிவு 2008-ல் வந்தது. பழைய இன்டர்ஃபெரான் ஊசியால் குணமாகாத 1,050 பேரில் பாதிப் பேருக்குக் குறைந்த அளவில் அதே ஊசியை மூன்றரை வருஷம் தொடர்ந்து போட்டார்கள். வைரஸ் அளவு குறைந்தது, கல்லீரல் என்சைம் குறைந்தது. கடைசியில் நோய் முற்றியவர்கள் ஊசி போட்டவர்களில் 34.1 சதவீதம், போடாதவர்களில் 33.8 சதவீதம். பலன் இல்லை. காக்ரேன் பக்கம் பேசுகிறவர்கள் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள்.

நம்மூர் உதாரணம் அத்தையின் கீழாநெல்லி. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாரூக் ப்ளம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள். எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போனது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 59 சதவீதத்துக்கு 4 சதவீதம். ஊரெல்லாம் பேசினார்கள். இன்றைக்கும் மேடையில் சொல்கிறார்கள். ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஆய்வு செய்தவர்களே அதை முதல்கட்ட ஆய்வு என்றுதான் எழுதியிருந்தார்கள். அதோடு அது ஹெபடைடிஸ் பி, மாமாவுக்கு இருப்பது சி. இரண்டும் பெயரில்தான் அண்ணன் தம்பி, வைரஸ் குடும்பமே வேறு.

இன்னொன்று. காமாலைக்கு வேர் கட்டி, பச்சிலை குடித்து சரியானது என்று நம்மூரில் எல்லோருக்கும் ஒரு அனுபவம் இருக்கும். அது பெரும்பாலும் தண்ணீரில் வரும் ஏ, ஈ வகைக் காமாலை. சில வாரத்தில் தானாகவே போய்விடும். நாள்பட்ட ஹெபடைடிஸ் சி கண் மஞ்சளாகாமலேயே இருபது வருஷம் உள்ளே இருக்கும். அப்படி இருபது வருஷம் வைத்திருப்பவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்குக் கல்லீரல் இறுகி சிரோசிஸ் ஆகிறது. கண் வெளுத்துவிட்டதா என்று பார்த்து இந்த நோயை அளக்க முடியாது.

ஆக, குறியீட்டை நம்பாதே என்பது வரை காக்ரேன்காரர்கள் சொல்வதை ஏற்கிறேன். அடுத்த படியில்தான் இடிக்கிறது.

கணக்கு இடிக்கிற இடம்

15-க்கு ஒன்று என்றால் பயமாக இருக்கிறது. சதவீதமாக்கினால் 0.63-க்கு 0.16. அதுவும் நாலு மடங்கு மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஒப்பீட்டுக் குழுவில் இறந்தது ஒருவர். இன்னும் மூன்று பேர் இறந்திருந்தால் 617-க்கு 4, அதாவது 0.65 சதவீதம். வித்தியாசமே காணாமல் போயிருக்கும். மொத்த பயமும் நிற்பது மூன்று பேர் மேல்.

இதை ஆய்வே சொல்கிறது. வாட்ஸ்அப் சொல்லாமல் விட்டதும் இதைத்தான். இறப்பின் வாய்ப்பு விகிதம் 3.72, அதன் 95 சதவீத நம்பக எல்லை 0.53 முதல் 26.18 வரை. தமிழில் சொன்னால், மருந்து இறப்பைப் பாதியாகக் குறைத்தாலும் இந்தத் தரவு இப்படி இருக்கலாம், 26 மடங்கு கூட்டினாலும் இப்படி இருக்கலாம். லாரி எடை போடும் மேடையில் மூக்குத்தியை வைத்துப் பார்த்தால் முள் அசையாது. அதனால் மூக்குத்தியில் தங்கமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

மேடை எவ்வளவு பெரிசு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெபடைடிஸ் சி உள்ள ஆயிரம் பேரில் வருஷத்துக்கு இரண்டு பேர் கல்லீரல் நோயால் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது எந்த ஆய்வின் எண்ணும் இல்லை, கையில் வைத்துப் பார்க்க நான் எடுத்த எண். ட்ரயலில் ஒருவரை அரை வருஷம் கவனிக்கிறார்கள் என்றால் ஒப்பீட்டுக் குழுவின் 617 பேரில் நாம் எதிர்பார்க்க வேண்டிய கல்லீரல் இறப்பு 0.6. ஒரு முழு ஆள்கூட இல்லை. உலகத்திலேயே மிகச் சிறந்த மருந்தைக் கொடுத்து இதைப் பூஜ்யமாக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதே ஊகத்தில், மருந்து இந்த இறப்பைப் பாதியாக்குகிறது என்பதை நிரூபிக்க எத்தனை பேர் வேண்டும்? வழக்கமான 80 சதவீத திறன், 5 சதவீதப் பிழை வைத்தால் ஒரு குழுவுக்கு சுமார் 47,000 பேர். இரண்டு குழுவுக்கும் 94,000. காக்ரேன் சேர்த்த 138 ட்ரயல்களின் மொத்த ஆட்களைவிட மூன்றரை மடங்குக்கு மேல். ஆட்களைக் குறைக்க வேண்டுமானால் வருஷங்களைக் கூட்ட வேண்டும். அதாவது ஒரு பகுதி மக்களுக்குப் பத்து இருபது வருஷம் மருந்தே கொடுக்காமல் வைத்து, எத்தனை பேருக்குக் கல்லீரல் இறுகுகிறது என்று எண்ண வேண்டும். யார் சம்மதிப்பார்கள்? பல ட்ரயல்களில் போலி மாத்திரை பெற்றவர்களுக்கும் 12 வாரம் முடிந்ததும் உண்மையான மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். அதோடு ஒப்பீட்டுக் குழு என்பதே கலைந்துவிடுகிறது. நடத்தியவர்கள் செய்தது சரிதான்.

இன்னொரு குறை. அந்த 138 ட்ரயல்களில் 57, நிறுத்தப்பட்ட அல்லது சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்துகளுடையவை. அவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், இறப்புக் கணக்கில் கலக்கவில்லை. ஆனால் "138 ட்ரயல்கள் பார்த்தும் பலன் தெரியவில்லை" என்று பரவும்போது அந்தப் பிரிப்பு உதிர்ந்துவிடுகிறது. இறப்புக் கணக்குக்கு வந்தவை 11 ட்ரயல்கள் மட்டுமே.

"எங்களால் தீர்மானிக்க முடியவில்லை" என்பது சரியான வாக்கியம். "பலன் இல்லை" என்பது வேறு வாக்கியம். காக்ரேன் எழுதியது முதலாவது. ஆனால் முதலாவதை எழுதும்போது, இந்தத் தரவு எந்தக் காலத்திலும் இதைத் தீர்மானித்திருக்க முடியாது என்றும் அதே பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அதை நம்பக எல்லைக்குள் ஒளித்து வைத்ததுதான் என் குற்றச்சாட்டு. எங்க மாமா நம்பக எல்லை படிக்க மாட்டார்.

வைரஸ் எங்கே இருக்கிறது

சரி, ட்ரயலால் முடியாது என்றால் வேறு எதை வைத்து நம்புவது? முதலில் உயிரியல்.

எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். எச்.ஐ.வி. நம் மரபணுவுக்குள்ளேயே தன்னை எழுதிக்கொள்கிறது. ஹெபடைடிஸ் பி செல்லின் கருவுக்குள் ஒரு பிரதியைப் பத்திரமாக வைக்கிறது. இரண்டும் ஹார்டு டிஸ்கில் சேவ் ஆனவை. மருந்து ஓடுகிற பிரதியை நிறுத்தும், நிறுத்தினால் டிஸ்கிலிருந்து திரும்பவும் வரும். ஹெபடைடிஸ் சி அப்படி இல்லை. அது ஆர்.என்.ஏ. வைரஸ், செல்லின் கருவுக்கு வெளியே மட்டும் இருக்கிறது, எங்கேயும் நிரந்தரமாக எழுதிக்கொள்வதில்லை. மெமரியில் மட்டும் ஓடும் புரோகிராம். பிரதி எடுப்பதைப் போதுமான நாள் தடுத்துவிட்டால் இருக்கிற பிரதிகள் அழிந்து முடிந்துவிடும்.

சோஃபோஸ்புவிர் அதைத்தான் செய்கிறது. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது கோக்கும் மணிகளில் ஒன்று போல வேஷம் போட்டு உள்ளே போய், அதற்கு மேல் கோக்க முடியாமல் நிறுத்துகிறது. டக்லடாஸ்விர், வெல்படாஸ்விர் இரண்டும் வேறொரு புரதத்தைத் தடுக்கின்றன. வைரஸ் பிரதி எடுக்கும்போது நிறையத் தப்பு செய்யும், அதில் ஏதாவது ஒரு தப்பு ஒரு மருந்துக்குத் தப்பித்துவிடும். அதனால் இரண்டு மருந்து சேர்த்து.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால் அதை எஸ்.வி.ஆர். என்கிறார்கள். அந்த நிலையை அடைந்தவர்களில் 99 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கிறார்கள், புதிதாகத் தொற்றாத வரை. காஸ்ட் ட்ரயலில் தாறுமாறான துடிப்பு நோயின் அடையாளம், இங்கே வைரஸ் நோயின் காரணம். ஹால்ட்-சி-யில் வைரஸ் குறைந்தது, ஒழியவில்லை. இங்கே ஒழிகிறது. மூன்றையும் "பதிலிக் குறியீடு" என்று ஒரே பெட்டியில் போடுவது சரியில்லை.

ஆனால் வைரஸ் போனால் கல்லீரல் புதிசாகிவிடாது. ஏற்கெனவே சிரோசிஸ் ஆனவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் குறையும், தீராது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும்.

மனிதர்களை எண்ணிய ஆய்வுகள்

2012-ல் ஐரோப்பா, கனடா மருத்துவமனைகளில் கல்லீரல் நன்றாகக் கெட்டுப்போன 530 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. எல்லோரும் இன்டர்ஃபெரான் காலத்தவர்கள். வைரஸ் ஒழிந்தவர்களில் பத்து வருஷத்தில் இறந்தவர்கள் 8.9 சதவீதம். ஒழியாதவர்களில் 26 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் ஒரு சந்தேகம் கேட்கலாம்: உடம்பு தெம்பாக இருந்தவர்களுக்குத்தான் ஊசி வேலை செய்ததோ, அவர்கள் எப்படியும் பிழைத்திருப்பார்களோ?

அதற்குப் பதில் தேட 2019-ல் லான்செட்டில் வந்த ஹெபாதர் என்ற பிரெஞ்சு ஆய்வைப் பார்க்க வேண்டும். மாத்திரை எடுத்த 7,344 பேர், எடுக்காத 2,551 பேர், சுமார் மூன்று வருஷம். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் 2.77 மடங்கு அதிகம்! இதை மட்டும் எடுத்து ஒரு வாட்ஸ்அப் செய்தி தயாரிக்கலாம். காரணம் என்ன என்றால் பிரான்ஸில் மாத்திரை முதலில் கொடுத்தது ரொம்ப மோசமாக இருந்தவர்களுக்கு. ஐ.சி.யூ-வில் அதிகம் பேர் இறக்கிறார்கள், அதனால் ஐ.சி.யூ கொல்கிறது என்று சொல்வோமா? வயது, சிரோசிஸ், குடி, சர்க்கரை எல்லாவற்றையும் சமன் செய்து பார்த்தபோது புற்றுநோய் 0.66 ஆனது, இறப்பு 0.48 ஆனது. மாத்திரை எடுத்தவர்களின் இறப்பு பாதிக்கும் கீழே.

சமன் செய்வது சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதற்கு ஈடாகாது. கல்லீரல் செயலிழப்பில் அந்த ஆய்வு வித்தியாசம் காட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உயிரியல், பழைய மருந்தின் பத்து வருஷக் கணக்கு, புதிய மருந்தின் மூன்று வருஷக் கணக்கு மூன்றும் ஒரே திசையில் போகின்றன. எதிர்த்திசையில் இருப்பது 617 பேரில் ஒரு இறப்பு.

91.6-ல் எத்தனை பேர் இல்லை

காக்ரேனைக் கேட்ட அதே கேள்வியை மருந்தைக் கொண்டாடுகிறவர்களிடமும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இது விமர்சனமாகாது.

இந்தியாவில் மருந்து மலிவானதற்கு ஒரு கதை உண்டு. கிலியட் கம்பெனி 2014 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்தது. 2015 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் 3(டி) பிரிவைக் காட்டி அதன் விண்ணப்பத்தை மறுத்தது. வழக்கு போய், 2016 மே மாதம் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் இந்திய மாத்திரைகள் சந்தைக்கு வந்து போட்டியில் விலை விழுந்துவிட்டது. 2016 ஜூனில் பஞ்சாப் அரசு மாவட்ட மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. சண்டிகர் பி.ஜி.ஐ. நிபுணர்கள் வீடியோ வழியாக மாவட்ட டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் 2018 ஜூலை 28-ல் தேசியத் திட்டம் வந்தது. மாமாவின் மூன்று டப்பாவும் அந்தத் திட்டத்தில் காசில்லாமல் கிடைத்தவை.

பஞ்சாபில் 48,088 பேருக்குச் சிகிச்சை கொடுத்ததில் 91.6 சதவீதம் குணம் என்று 2019-ல் வெளியிட்டார்கள். உலகமே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வகுக்கும் எண் என்ன? மாத்திரை முழுதாகச் சாப்பிட்டு, 12 வாரம் கழித்துத் திரும்பி வந்து ரத்தம் கொடுத்தவர்களில் 91.6. ஆரம்பித்த எல்லோரையும் கீழே போட்டு வகுத்தால் அது மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி இறங்கிவிடுகிறது. வராதவர்களில் பலர் குணமாகி இருப்பார்கள், அதனாலேயே வராமல் இருந்திருப்பார்கள். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. அந்த இடைவெளி மருந்தின் குறை இல்லை. பஸ் காசு, அறுவடை, ஒருநாள் கூலி.

சராசரிக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பஞ்சாபில் பத்தில் ஏழு பேருக்கு ஜீனோடைப் 3. இன்டர்ஃபெரான் காலத்தில் இதுதான் சுலபமாகக் குணமாகும் வகை என்பார்கள். மாத்திரைக் காலத்தில் இதுவே கஷ்டமான வகை ஆகிவிட்டது. ஆலி-3 ட்ரயலில் சோஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் 12 வாரம் கொடுத்தபோது ஜீனோடைப் 3-ல் சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு 96 சதவீதம் குணம். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு 63. தேசியத் திட்டத்தில் சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு டக்லடாஸ்விர், இருக்கிறவர்களுக்கு வெல்படாஸ்விர் என்று பிரித்திருப்பது சும்மா இல்லை. "எனக்குக் கல்லீரல் இறுகியிருக்கிறதா?" என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்மான் என்றொரு ட்ரயல் 2022-ல் வந்தது. ஐந்து நாடுகளில் சுமார் 400 பேருக்கு 12 வார மாத்திரையையும் முதல் நாளே கையில் கொடுத்துவிட்டு, நடுவில் ரத்தப் பரிசோதனைக்கோ பார்வைக்கோ கூப்பிடவில்லை. போனில் இரண்டு தடவை பேசினார்கள். குணமானது 95 சதவீதம். எங்க ஊர் மாதிரி இடத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஒவ்வொரு தடவை வரச் சொல்வதையும் குறைத்தால் வகுக்கும் எண்ணிலிருந்து காணாமல் போகிறவர்கள் குறைவார்கள்.

மாமாவின் ஃபைல்

இவ்வளவும் படித்துவிட்டு மாமாவிடம் நான் சொன்னது ரொம்பக் குறைவு. அந்த 15-க்கு ஒன்று நிஜம், ஆனா அது ஒண்ணும் சொல்லல என்றேன். டயாலிசிஸில் இருக்கிறவருக்கு சோஃபோஸ்புவிர் கொடுக்கலாமா என்ற தயக்கம் முன்பு இருந்தது. டயாலிசிஸில் இருந்த 59 பேருக்கு வெல்படாஸ்விருடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் 95 சதவீதம் குணமானார்கள், 2019 நவம்பரில் அமெரிக்க அனுமதிச் சீட்டிலும் மாற்றிவிட்டார்கள். இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் காட்டி, கீழாநெல்லி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு, கிட்னி இல்லாத ஆள் பச்சிலை எதுவும் குடிக்க வேண்டாம், மாத்திரையை இன்றைக்கே ஆரம்பி என்றாராம். அத்தைக்கு அன்றைக்கு என் மேல் கோபம்.

84 மாத்திரையும் முடிந்தது. 12 வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் வைரஸ் இல்லை.

ஆனால் அவர் போகும் டயாலிசிஸ் மையத்தில் ஃபைல் மேல் சிவப்பு மையில் "எச்.சி.வி. பாசிட்டிவ்" என்று இன்னும் இருக்கிறது. தனி மெஷின், கடைசி ஷிஃப்ட். மறுபடி டெஸ்ட் எடுத்தோம், பாசிட்டிவ்தான் வருது என்கிறார்கள். அவர்கள் எடுப்பது ஆன்டிபாடி டெஸ்ட். அது வைரஸ் எப்போதாவது வந்ததா என்பதற்குப் பதில் சொல்லும், இப்போது இருக்கிறதா என்பதற்குச் சொல்லாது. குணமான பிறகும் அது பல வருஷம், பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். இப்போது இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ. டெஸ்ட். குணமானவர்களை அதை வைத்துத்தான் ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறது சர்வதேச சிறுநீரக வழிகாட்டியான கேடிகோ. வைரஸ் உள்ளவர்களுக்கே தனி மெஷின் தேவையில்லை, கையுறை மாற்றுவதும் சுத்தம் செய்வதும்தான் முக்கியம் என்றும் அது சொல்கிறது.

தப்பான குறியீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவது காக்ரேனில் மட்டும் நடப்பதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஹெபடைடிஸ் சி என்று வந்தால் நான்கு விஷயம் கேளுங்கள். பாசிட்டிவ் என்றது ஆன்டிபாடியா, ஆர்.என்.ஏ-வா? சிரோசிஸ் இருக்கிறதா? மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து வரும் தேதி என்ன? சிரோசிஸ் இருந்தால் அடுத்த ஸ்கேன் எப்போது? மூன்றாவது கேள்விக்குப் பதிலைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பஞ்சாபில் காணாமல் போனவர்கள் அந்தத் தேதியில்தான் காணாமல் போனார்கள்.

மாமா இன்றும் கடைசி ஷிஃப்ட்தான். ராத்திரி பத்து மணி வண்டியில் இறங்குகிறார். ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை நான்கு பிரதி எடுத்து, ஒன்றை அந்தச் சிவப்பு எழுத்துக்கு மேலேயே பின் அடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். போன வாரம் யாரோ அதைப் பிரித்துப் பார்த்தார்களாம்.